கருமணல் பரப்பிய பூப்பாத்திகள்

கிண்ணியாவைச் சேர்ந்த பக்கீரின் மூத்த மகன் ஸைனுலாப்தீன் 1922ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பிறந்தார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தார். பத்தொன்பது வயதில் திருகோணமலைத் துறைமுகத்தில், பிரித்தானியக் கடற்படை அதிகாரிகளின் வீட்டுத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தார். நாடு சுதந்திரம் அடைந்த ஆண்டில் அதே ஊர் ஸல்ஹாவை மணந்து, ஊர் வழக்கப்படி மனைவியின் வீட்டுக்குக் குடிபோனார். மூன்று பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டு வெளியேறியபோது அவருடைய வேலையும் அதனோடு போயிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள் உவர்மலையில், அரசாங்கத் திணைக்களம் ஒன்றின் விருந்தினர் பங்களாவில் நாட்கூலித் தோட்டக்காரராக அமர்ந்தார். அங்கேயே அறுபது வயது வரை இருந்தார்.

இவற்றில் கருத்து வேறுபாடு யாருக்கும் இல்லை. மனிதரைப் பற்றிய அபிப்பிராயங்களோ வீட்டுக்கு வீடு மாறும். அவரைக் கெட்டிக்காரர் என்பவர்களும் விசரர், பைத்தியக்காரர் என்பவர்களும் 1971ஆம் ஆண்டு மாரியில் நடந்த ஒரே காரியத்தைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆகவே அந்தக் காரியத்தை முதலில் நடந்தபடி சொல்லிவிடுவதே முறை.

பங்களாவின் விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தால் உட்துறைமுகம் முழுவதும் தெரியும். கொழும்பிலிருந்து வரும் உத்தியோகத்தர்கள் அதைப் பார்ப்பதற்காகவே ஒரு நாள் கூடுதலாகத் தங்கிப் போவதுண்டு. முன்புறத்தில் வட்டமான பூப்பாத்தி ஒன்று. படலையிலிருந்து வீட்டு வாசல் வரை வரும் பாதையின் இரு பக்கமும் நீண்ட பாத்திகள் இரண்டு. மதிலோரமாகக் கல்வாழை வரிசை. வட்டப் பாத்தியின் ஒரு பாதிக்கு நிழல் கொடுக்கும்படி பழைய நந்தியாவட்டை மரமொன்று குடைபோல் நின்றது. தோட்டம் என்று சொல்ல அவ்வளவுதான். ஆனால் படலையைத் திறந்தவுடன் கண்ணில் படுவது அதுதான் என்பதால் பங்களாவின் மானம் முழுவதும் அந்தப் பாத்திகளில் இருந்தது.

சித்திரையிலிருந்து ஆவணி வரை அங்கே பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. கச்சான் என்ற வறண்ட காற்று வீசத் தொடங்கிவிட்டால் இலைகள் கையில் நொறுங்கும். கிணற்றுத் தண்ணீர் கல்வாழைகளின் உயிரைப் பிடித்து வைத்திருக்கும், பூக்களுக்கு மிஞ்சாது. எனவே ஸைனுலாப்தீனுக்கு ஆண்டு என்பது ஐப்பசியில்தான் பிறந்தது. முதல் மழை மண்ணுக்குள் ஒரு சாண் இறங்கியதும் மண்வெட்டியை எடுப்பார். காய்ந்து நிற்கும் ஸின்னியாத் தண்டுகளைப் பிடுங்கி, விதைத் தலைகளை மட்டும் துணியில் முடிந்து வைப்பார். நெருங்கிப் போன கல்வாழைக் கிழங்குகளைப் பிளந்து, இளங்கண் உள்ள துண்டுகளை இடைவெளி விட்டு நடுவார். கிழட்டுத் துண்டுகளை எரு மேட்டில் எறிவார். குரோட்டன்களை முழங்கால் உயரத்துக்கு வெட்டுவார். பாத்திகளைக் கொத்திப் புரட்டி மக்கிய மாட்டெருவைக் கலப்பார். சரிந்து கிடக்கும் விளிம்புக் கற்களை நிமிர்த்தி வெள்ளையடிப்பார். புரட்டாதியிலேயே கிடுகுப் பந்தலின் கீழ், நீளவாக்கில் வெட்டிய மண்ணெண்ணெய்த் தகரங்களில் விதைத்திருந்த ஸின்னியாவும் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் அதற்குள் நான்கு இலை விட்டிருக்கும். கருமேகம் மூடிய பின்னேரமாகப் பார்த்து அவற்றைப் பாத்திக்கு மாற்றுவார். நட்ட நாற்று தை பிறக்கும்போது பூவாக நிற்கும்.

பெருக்குவதும் தண்ணீர் ஊற்றுவதும் நல்லம்மாவின் வேலை. உப்புவெளியைச் சேர்ந்தவர். கணவன் இறந்தபின் இரண்டு பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குத் திரும்பியவர். ஸைனுலாப்தீனைவிடப் பதினெட்டு வயது இளையவர், அவரும் நாட்கூலிதான். அவருடைய வாயில் விழுந்து எழும்பாதவர்கள் பங்களாவுக்கு வந்துபோகும் சாரதிகளிலே கூட இல்லை. ஸைனுலாப்தீனை அவர் காக்கா என்று அழைத்தார். ஸைனுலாப்தீன் அவரைத் தங்கச்சி என்றார். எட்டு ஆண்டுகளாக ஒரே பாத்திகளில் வேலை செய்து, ஒரே கிணற்றில் கை கழுவி, நோன்புப் பெருநாளுக்கும் தைப்பொங்கலுக்கும் பாத்திரங்கள் கைமாறி வந்த பழக்கம் அது.

நாட்கூலி என்பது மழை நாளில் வேலை இல்லாவிட்டால் சம்பளமும் இல்லாத உத்தியோகம். அதைவிடப் பெரிய குறை, அதற்கு ஓய்வூதியம் கிடையாது. நிரந்தர ஆளணியில் பெயர் ஏறி, பத்து ஆண்டுகள் நிறைத்தவருக்கே ஓய்வூதியம். ஸைனுலாப்தீன் பதினான்கு ஆண்டுகளாகப் பெயர் ஏறக் காத்திருந்தார். ஒவ்வொரு முறையும் ஆளணியில் இடமில்லை என்றே பதில் வந்தது. 1971இல் ஓர் இடம் கிடைத்தது. பிராந்திய அலுவலகத்தில் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த சோமசேகரம் அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். தை மாத முடிவில் கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி வருவார், பங்களாவில் தங்குவார், தோட்டத்தைப் பார்த்து, சோமசேகரத்தின் அறிக்கையையும் பார்த்துக் கையொப்பம் வைப்பார். மாசியில் நியமனம் வந்துவிடும்.

சோமசேகரம் நல்ல மனிதர், கணக்கும் தெரிந்தவர். ஸைனுலாப்தீனுக்கு அறுபது வயது 1982 மார்ச்சில் நிறைகிறது. 1972 மாசியில் நியமனம் கிடைத்தால் பத்து ஆண்டுகள் சரியாக வரும். நியமனங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான். ஒரு மாசி தவறினால் ஒன்பதுதான் வரும். ஒன்பதுக்கு ஒன்றும் இல்லை.

இந்தக் கணக்கைத் தலைக்குள் வைத்துக்கொண்டுதான் ஸைனுலாப்தீன் அந்த ஐப்பசியில் மண்வெட்டியை எடுத்தார். வழக்கம்போல் பூத்தால் போதாது, அதிகாரி படலையிலேயே நின்றுவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. உவர்மலையின் மண் வெளிறிய சாம்பல் நிறம். மாரி மழை அடித்தால் அது தெறித்து இலைகளின் அடியிலும் தாழ்ந்த பூக்களிலும் சேறு பூசிவிடும். எவ்வளவு நல்ல செவ்வந்தியும் முழங்கால்வரை அழுக்கான பிள்ளையைப்போல நிற்கும். வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே இந்தக் குறை அவர் மனதில் இருந்தது. அப்போது அவர் சொல்வதைக் கேட்க யாரும் இல்லை. எந்தப் பூவை எந்த இடத்தில் நடுவது என்பதைக்கூட அதிகாரியின் மனைவியே முடிவு செய்வாள்.

ஸல்ஹாவின் தம்பி அன்ஸார் புல்மோட்டையிலிருந்து பட்டணத்துக்கு மீன் ஏற்றும் லொறி ஓட்டிவந்தான். ஒருமுறை அவனோடு புல்மோட்டைக்குப் போன ஸைனுலாப்தீன் அங்கே கடற்கரை கறுத்துக் கிடப்பதைப் பார்த்திருந்தார். கையில் அள்ளினால் அது பாரமாக, நெருநெருவென்று, புளியங்கொட்டையைத் தேய்த்தது போன்ற மினுக்கத்தோடு இருக்கும். மழைக்குக் கரையாது; காற்றுக்குப் பறக்காது. அந்தக் கறுப்பின் மேல் மஞ்சள் செவ்வந்தி நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்தபோது, ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த மனிதருக்கு மயிர்க்கூச்செறிந்ததாம். இதை அவரே பிற்காலத்தில் மகள்மாரிடம் சொல்லியிருக்கிறார். தன் வாழ்க்கையில் தானாக நினைத்துத் தானாகச் செய்த முதல் காரியம் அதுதான் என்றும் சொல்லியிருக்கிறார்.

அன்ஸார் மீன் பெட்டிகளுக்கு இடையில் சாக்கு சாக்காகக் கருமணலைக் கொண்டுவந்து இறக்கினான். மச்சான் தங்கம் தேடப்போகிறாரா, இல்லாவிட்டால் பங்களாவைக் கடற்கரைக்குக் கொண்டுபோகப் போகிறாரா என்று கேட்டுவிட்டுப் போனான்.

கடல் மணலில் உப்பு இருக்கும் என்பதைத் தோட்டக்காரருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஸைனுலாப்தீன் அதை அப்படியே பாத்தியில் கொட்டவில்லை. பின்முற்றத்தில் கிடுகுகளின்மேல் பரப்பி மழையில் கிடக்கவிட்டார். கிளறிக் கிளறி விட்டார். மழை இல்லாத நாட்களில் நல்லம்மாவைக் கொண்டு கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவித்தார். உப்புப் போய்விட்டதா என்று அறிய ஒரே வழி நாக்கில் வைத்துப் பார்ப்பது. ஆனால் அந்த ஆண்டு நோன்பு மாதம் ஐப்பசியோடு வந்திருந்தது. மணலைக் கையில் எடுத்து வாய் வரைக்கும் கொண்டுபோனவர் அங்கேயே நிறுத்தினார்.

“தங்கச்சி, எனக்கு நோன்பு, நாக்குல வெக்கேலாது,” என்றார். “நீங்க கொஞ்சம் பாருங்க.”

நல்லம்மா மணலை வாங்கிக்கொண்டார். “ஓம், ஓம். மண் தின்னுறதுக்கும் கடைசியா நான்தான் கிடைச்சனான்.”

ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, நாவிதரிடம் தலையைக் கொடுத்தவரைப்போலச் சிறிது நேரம் அசையாமல் இருந்துவிட்டுத் துப்பினார். உப்பு இல்லை என்றார். இன்னோர் இடத்தில் அள்ளிப் பார்க்கச் சொன்னார் ஸைனுலாப்தீன். அங்கேயும் இல்லை. “உங்கட வீட்டுக் கறியில இதைவிடக் கூட உப்பு இருக்கும் காக்கா,” என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கக் கிணற்றடிக்குப் போனார்.

நாற்று நட்டு, அது வேர் பிடித்து நிமிர்ந்த பிறகு, இரண்டு விரல் கனத்துக்குக் கருமணலைப் பரப்பினார் ஸைனுலாப்தீன். ஒவ்வொரு தண்டையும் சுற்றிக் கையாலேயே அணைத்துவிட்டார். அடுத்த நாள் கார்த்திகை மழை பிய்த்துக்கொண்டு பெய்தது. மழை விட்டபின் பார்த்தால் ஓர் இலையிலும் சேறு இல்லை. வெள்ளையடித்த கற்களின் நடுவே கறுப்பும் பச்சையும் கழுவி வைத்ததுபோல் இருந்தன. பெருநாள் முடிந்த வாரத்தில் வந்து பார்த்த சோமசேகரம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை சுற்றி வந்தார். இது யாருடைய யோசனை என்று கேட்டார். ஸைனுலாப்தீன் மகிழ்ச்சியில் எல்லாக் கதையையும் சொன்னார்: லொறியில் வந்தது, மழையில் கழுவியது, தனக்கு நோன்பு என்பதால் நல்லம்மா ருசி பார்த்தது. சோமசேகரம் சிரித்து, நல்லம்மாவின் நாக்குக்கும் ஒரு சம்பளம் எழுத வேண்டும் என்றார். நாக்குக்கு வேண்டாம், ஆளுக்குத் தருவதை மழை நாளிலும் தந்தால் போதும் என்றார் நல்லம்மா. அதற்கும் சோமசேகரம் சிரித்தார்.

மார்கழியில் மழை ஓய்ந்தது. மாரியின் நடுவே இப்படிச் சில நாட்கள் வானம் வெளிப்பது புதிதல்ல. மற்ற ஆண்டுகளில் ஸைனுலாப்தீன் அதை விரும்பி எதிர்பார்ப்பார். நனைந்து கிடந்த நாற்றுகள் அந்த வெயிலில்தான் தண்டு கனத்து மொட்டுக் கட்டும். அவ்வாண்டு அவை தலை சாய்ந்தன. தண்ணீர்க் குறை என்று நினைத்துக் காலையிலும் மாலையிலும் இரட்டிப்பாக ஊற்றச் சொன்னார். காலையில் நிமிர்ந்தவை பின்னேரம் விழுந்தன. பிறகு காலையிலும் நிமிரவில்லை. பிடுங்கிப் பார்த்தால் மண்ணோடு சேரும் இடத்தில் தண்டு நூலால் இறுக்கிக் கட்டியதுபோல் சுருங்கிப் பழுத்திருந்தது. வேர் வெள்ளையாகவே இருந்தது. ஒரு வாரத்துக்குள் நீண்ட பாத்திகள் இரண்டும் முடிந்தன. வட்டப் பாத்தியில் பாதி போயிற்று.

வியாழக்கிழமை பின்னேரம் சோமசேகரம் வந்தார். படலையில் நின்றபடியே பார்த்தார். உள்ளே வந்து சுற்றவில்லை. அவருடைய கோபத்தில் பயமும் கலந்திருந்தது. இந்த மணலை வாயாரப் புகழ்ந்து கொழும்புக்கு எழுதிவிட்டவர் அவர். கடல் மணலில் உப்பு இல்லாமல் எங்கே போகும் என்று தொடங்கி, நல்லம்மாவைக் கூப்பிட்டு, என்னத்தைப் பார்த்துவிட்டு உப்பில்லை என்று சொன்னாய் என்று கேட்டார்.

“இல்லாததை இல்லையெண்டுதான் சொன்னனான் ஐயா,” என்றார் நல்லம்மா.

சோமசேகரம் அவரைப் போகச் சொல்லிவிட்டு ஸைனுலாப்தீனை விறாந்தை ஓரத்துக்கு அழைத்தார். குரலைத் தாழ்த்தி, பழுதுக்கு யாரோ ஒருவர் பொறுப்பென்று அறிக்கையில் எழுதத்தான் வேண்டும், வேலையாள் ஒருத்தி சரியாகச் சோதிக்காமல் சொன்னதால் வந்த நட்டம் என்று எழுதினால் தோட்டக்காரரின் பெயருக்குப் பங்கம் இல்லை, இம்மாத முடிவோடு அவளை நிறுத்திவிட்டு வேறு ஆளைப் பார்க்கலாம் என்றார். ஸைனுலாப்தீன் பேசாமல் நின்றதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டு சோமசேகரம் போனார். கிணற்றடியில் வாளியைக் கழுவிக்கொண்டிருந்த நல்லம்மாவுக்கு அங்கே பேசியது கேட்டிருக்க வேண்டும். அவர் அன்று வழக்கமாகச் சொல்லும் ‘போயிட்டு வாறன் காக்கா’வைச் சொல்லாமல் போனார்.

கிண்ணியாத் துறையில், லொறிகளையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும், பாதை எனப்படும் மிதவையில் நின்றபோது ஸைனுலாப்தீன் தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். ஒருவேளை உப்பாகவே இருக்கலாம். அப்படியானால் அவள் நாக்குத் தவறியதும் உண்மைதானே. நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே. அக்கரை வந்து சேரும் வரைக்கும் அந்த நியாயம் தாங்கியது.

வீட்டில் அன்ஸார் வந்திருந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு, மச்சான் இனி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், ஆண்டவன் தந்த வழி இது என்றான். ஸல்ஹா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “அந்தப் பிள்ளை உப்பு இரிக்கெண்டு சொல்லியிருந்தா நீங்க மண்ணப் போட்டிருக்க மாட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். போட்டிருக்கமாட்டேன் என்றார் ஸைனுலாப்தீன். ஆனால் அதைச் சொல்லும்போதே, இன்னும் நாலு நாள் கழுவிவிட்டுப் போட்டிருப்பேன் என்பதுதான் உண்மை என்று அவருக்குத் தெரிந்தது. சோற்றைப் பிசைந்தபடி இருந்துவிட்டு எழுந்து கை கழுவினார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மற்ற நாட்களில் மதிய வேளைக்குப் பின்முற்றத்துக் கொட்டிலில் தொழுதுவிட்டு, சாப்பிட்டு, வெயில் சாயும் வரை அங்கேயே சாய்ந்திருப்பது அவருடைய வழக்கம். நல்லம்மாவும் பின்பக்கத்து மாமரத்தடியில் இருப்பார். உச்சி வெயிலில் முன்பக்கத்துப் பாத்தியில் எவருக்கும் வேலை இல்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் போகும்போதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்படலையால்தான் போவார். அன்று சைக்கிள் டயர் காற்றுப் போயிருந்தது. கிணற்றடியில் வுளூச் செய்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நடந்து போவதற்காக முன்பக்கம் வந்தார். கருகிய நாற்றொன்று பாதைக்குச் சரிந்து கிடந்தது கண்ணில் உறுத்தியது. அதைப் பிடுங்குவதற்காக ஈரக் காலைப் பாத்தியில் வைத்தார்.

வைத்த காலை அடுப்பிலிருந்து எடுப்பதுபோல் எடுத்தார். பிறகு குனிந்து கையை வைத்துப் பார்த்தார். வைத்திருக்க முடியவில்லை. இரண்டு விரல் ஆழத்தில், தண்டு இருந்த இடத்திலும் அதே சூடு. எழுந்து வட்டப் பாத்திக்குப் போனார். நந்தியாவட்டையின் நிழல் விழுந்த பாதியில் மணல் குளிர்ந்து கிடந்தது. அங்கே நாற்றுகள் மொட்டோடு நின்றன. மணல் அதே மணல், அதே சாக்கு, அதே மழையில் கழுவியது. உப்பென்றால் நிழலுக்கு ஒரு நியாயம், வெயிலுக்கு ஒரு நியாயம் பார்த்திருக்காது.

உப்பைப் பற்றி யோசித்தவர் வெயிலைப் பற்றி யோசிக்கவில்லை. மேகம் மூடிய ஒரு மாதம் முழுவதும் மணலைக் கையால் அளைந்தவர், அது வெயில் பட்டால் என்னாகும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. வெறுங்காலோடு கடற்கரையில் நடந்து வளர்ந்த மனிதருக்கு, வெள்ளை மணலே நண்பகலில் காலைச் சுடும் என்பது தெரியாததல்ல.

பள்ளிவாசலுக்குப் போனார், தொழுதார். திரும்பிப் பங்களாவுக்கு வராமல் நேரே பிராந்திய அலுவலகத்துக்குப் போனார். சோமசேகரம் மேசையில் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். ஸைனுலாப்தீன் கதிரையில் உட்காராமல் நின்றபடி கண்டதைச் சொன்னார். சோமசேகரம் முழுவதையும் கேட்டார். அதைப் போய்ப் பார்க்க வேண்டுமென்று அவர் கேட்கவில்லை. சொன்னதுமே அவருக்கும் விளங்கிவிட்டது.

“நீர் இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது,” என்றார்.

“ஓம் ஐயா.”

“இந்த முறை தவறினால் உமக்குப் பத்து வருஷம் வராது. நான் அண்டைக்கே சொன்னனான்.”

“எண்ணிப் பாத்துட்டுத்தான் வந்தனான்.”

சோமசேகரம் எரிச்சலோடு யன்னலுக்கு வெளியே பார்த்தார். அவள் வேறெங்கேயும் வேலை தேடிக்கொள்ளலாம், இளம் வயதுதானே, உமக்கு ஐம்பது ஆகிறது என்றார். அது உண்மைதான் என்று ஸைனுலாப்தீனும் ஒப்புக்கொண்டார். பிறகு சொன்னார்:

“மண் என்ட மண் ஐயா. அவ உப்பில்லெண்டு சொன்னா. அதுல உப்பு இல்லைத்தான்.”

சோமசேகரம் அதற்குமேல் வாதாடவில்லை. தோட்டக்காரர் தன் யோசனைப்படி செய்து பார்த்த ஒரு மாற்றத்தால் நாற்றுகள் பழுதாகின என்று அறிக்கையில் எழுதினார். தானும் அதைப் பார்த்து அனுமதித்ததாக ஒரு வரியையும் அவர் சேர்த்து எழுதினார். அந்த வரி அவருக்குக் கடமை அல்ல என்பதையும் குறிப்பிட வேண்டும்.

பங்களாவுக்குத் திரும்பியபோது நல்லம்மா பின்முற்றத்தில் தன் துணிப்பையில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மாத முடிவு வரைக்கும் நின்று அவமானப்படத் தனக்கு விருப்பமில்லை என்றார். ஸைனுலாப்தீன் போய்வந்த காரியத்தைச் சொன்னார். நல்லம்மா அழவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை.

“நேற்று ஐயா கதைக்கேக்க நீங்கள் வாயைத் திறக்கேல்லை காக்கா,” என்றார். “இண்டைக்குத் திறந்திருக்கிறியள். ரெண்டையும் நான் ஞாபகம் வச்சிருப்பன்.”

“வெச்சுக்கங்க,” என்றார் ஸைனுலாப்தீன்.

பையிலிருந்த சாமான்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு, இனி என்ன செய்வது என்று கேட்டார் நல்லம்மா.

கருமணலை வாருவது பரப்புவதைவிடக் கடினமாக இருந்தது. சிரட்டையால் சுரண்டி, சாக்கில் கட்டி, பின்படலைக்கு வெளியே குழி விழுந்து கிடந்த ஒழுங்கையில் கொட்டினார்கள். தகரங்களில் நாற்று மிச்சமில்லை. புதிதாக விதைத்தால் மாசி கடந்துவிடும். நல்லம்மா உப்புவெளியில் வீடு வீடாகப் போய், முற்றங்களில் தானாக விழுந்து முளைத்திருந்த கோழிக்கொண்டையும் வாடாமல்லிகையும் மண்ணோடு கிண்டி வாங்கி, பஸ்ஸில் கடகத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எதற்கென்று கேட்ட பெண்களுக்கு அவர் என்ன சொன்னார் என்பது தெரியவில்லை. பங்களா பார்க்க வரலாம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார் போலும், பங்குனி வரை யாராவது ஒருத்தி படலையில் நின்று தன் வீட்டுச் செடியைத் தேடிக்கொண்டிருந்தாள். ஸைனுலாப்தீன் ஒவ்வொரு கன்றுக்கும் வாழைப் பட்டையால் மறைப்புக் கட்டி நட்டார். மேகமும் மீண்டும் மூடிற்று.

தை முடிவில் பெரிய அதிகாரி வந்தபோது பாத்திகள் பச்சையாக இருந்தன. நந்தியாவட்டையின் அடியில் அரை வட்டமாகச் செவ்வந்தி பூத்திருந்தது. மற்ற இடமெல்லாம் இலை. அதிகாரி அறிக்கையைப் படித்திருந்தார். அவர் கடுமையாக ஒன்றும் பேசவில்லை. துறைமுகத்தைப் பார்த்தபடி தேநீர் குடித்தார். பாத்திகளைப் பார்த்தபோது, வேலைக்காரர் உழைப்பாளியாகத் தெரிகிறார், அடுத்த ஆண்டு பார்ப்போம் என்றார். அந்த இடம் அவ்வாண்டு நிரப்பப்படவில்லை. அவர் போன பத்தாம் நாள் பாத்திகள் முழுவதும் பூத்துக் குலுங்கின. அதைப் பார்க்க உப்புவெளிப் பெண்கள்தான் இருந்தார்கள்.

1973 மாசியில் ஸைனுலாப்தீனுக்கு நியமனக் கடிதம் வந்தது. அதை வாங்கிய கையோடு கிண்ணியாவில் எல்லா வீடுகளுக்கும் வட்டிலப்பம் அனுப்பினார். இனி மழை நாளிலும் சம்பளம் உண்டு என்பதே அவருக்குப் பெரிய மாற்றமாக இருந்தது. நல்லம்மா 1976இல் நிரந்தரமானார். அவருக்கு வயது கையில் இருந்தது.

இதுதான் நடந்தது. அபிப்பிராயங்களை இனிச் சொல்லலாம்.

அன்ஸார் சாகும் வரைக்கும் தன் மச்சானை மன்னிக்கவில்லை. கலியாண வீடுகளில், ஒரு பொம்பிளையின் நாக்கில் இல்லாத உப்புக்காகப் பென்சனை விட்ட மனுசன் இவர்தான் என்று அவரைக் காட்டிச் சொல்லுவான். ஸைனுலாப்தீனும் மற்றவர்களோடு சேர்ந்து சிரிப்பார். மகள்மாரில் மூத்தவர் தந்தையைப் பெரிய தியாகியாகவே கருதினார். அப்படி யாராவது சொன்னால் மட்டும் தந்தை சிரிக்காமல் எழுந்து வெளியே போவார் என்று இளைய மகள் சொல்கிறார். ஸல்ஹாவிடம் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் எப்போதும் ஒன்றுதான்: “வியாழக்கிழமை ராவு அவர் சோறு தின்னல்ல. வெள்ளிக்கிழமை திண்டார். எனக்கு அது போதும்.”

இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்தால், தியாகம் என்ற சொல் அவருக்குப் பொருந்தவில்லை என்றே தோன்றுகிறது. தியாகி தன்னுடையதைக் கொடுக்கிறான். ஸைனுலாப்தீன் தன்னுடைய தவறைத் தன்னுடையதென்று வாங்கிக்கொண்டார். அதற்கும் ஒரு நாள் தாமதித்தார். அந்த ஒரு நாளையும் சேர்த்தே கணக்கு வைத்தவர் நல்லம்மா ஒருவர்தான். ஆனால் விசரர் என்ற சொல்லும் பொருந்தாது. பத்து ஆண்டுகள் கிடைத்திருந்தால், ஒவ்வொரு மாதமும் அந்தப் பணத்தை வாங்கும்போது அவருக்கு அந்த விறாந்தை ஓரம் ஞாபகம் வந்திருக்கும். அப்படிப்பட்ட ஞாபகத்தோடு வசதியாக வாழத் தெரிந்தவர்கள் உண்டு. அவர் தன்னைப் பற்றி அறிந்திருந்தார். தன்னால் ஏலாது என்பதை அந்த வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குள் கண்டுகொண்டார். இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. முப்பது ஆண்டுகள் பிறர் சொன்னபடி பாத்தி கட்டிய மனிதர் ஒரே ஒருமுறை தனக்குப் பிடித்த அழகை மண்ணில் போட்டுப் பார்த்தார். அது சோம்பலால் வந்த பிழையல்ல; ஆசையால் வந்தது. அறிக்கையில் அதற்கு இடம் இருக்கவில்லை.

அதன் பிறகும் ஒவ்வொரு ஐப்பசியிலும் முதல் மழை இறங்கியதும் அவர் ஸின்னியாத் தண்டுகளைப் பிடுங்கினார், கல்வாழைகளைப் பிளந்தார், கற்களுக்கு வெள்ளையடித்தார். மழைச் சேறு இலைகளில் தெறித்தால் நல்லம்மா பூவாளியால் கழுவிவிடுவார். 1982 மார்ச்சில் அறுபது வயது நிறைந்தது. கடைசி நாள் வேலைக்கு வந்து, கிணற்றடியில் மண்வெட்டியைக் கழுவி, எண்ணெய் பூசிக் கொட்டிலில் சாத்திவிட்டு, பின்னேரப் பாதையைப் பிடிக்கக் கிண்ணியாத் துறைக்குப் போனார்.

நாட்கூலிச் சேவை பதினைந்து ஆண்டுகள். நிரந்தரச் சேவை ஒன்பது ஆண்டுகள்.